அடிபட்ட மான் யாருடையது?

குறிஞ்சித் திணைப் பாடல்களில் ஒரு பொய் திரும்பத் திரும்ப வருகிறது. தினைப்புனம் காக்கும் பெண்ணிடமும் அவள் தோழியிடமும் வில்லோடு வந்து நிற்கும் இளைஞன், தன் அம்பு தைத்த மான் இந்தப் பக்கம் ஓடி வந்ததா என்று கேட்கிறான். சில இடங்களில் மானுக்குப் பதில் யானை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வேட்டை நாய்கள் பெண்களை மிரட்டிவிட, பின்னாலேயே வரும் தலைவன் நாய்களை அடக்கிவிட்டுத் தப்பியோடிய விலங்கைப் பற்றி மெல்லக் கேட்கிறான். பெண்கள் வாய் திறப்பதில்லை. ஒரு சொல்லாவது பேசுங்களேன் என்று அவன் இறங்கி வருகிறான். பிற்காலக் கோவை நூல்களில் இது வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்று தனித்தனித் துறைகளாகவே ஆகிவிட்டது. ஒருமுறை யானையையும் மறுமுறை மானையும் கேட்பவன் உண்மையில் எதையும் தொலைக்கவில்லை என்று தோழி கண்டுகொள்வதும் அந்த மரபில் உண்டு. உரைகாரர்கள் இதைக் காதல் உத்தியாகவே பார்த்தார்கள். இலக்கியத்துக்கு அது போதும். வரலாறு தேடுபவருக்கு வேறொரு கேள்வி எழுகிறது. முன்பின் தெரியாத ஆண் ஒருவன் அயலார் புனத்துக்குள் நுழைந்து, அங்கே தனியாக இருக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுக்க, எத்தனையோ சாக்குகள் இருக்க அடிபட்ட மான் ஏன் செல்லுபடியானது? எடுபடாத சாக்கை எந்தக் காதலனும் சொல்ல மாட்டான். தான் அடித்த விலங்கைத் தேடி வருபவன் பிறர் எல்லைக்குள் கால் வைக்கலாம், கேள்வி கேட்கலாம், பதிலையும் எதிர்பார்க்கலாம் என்ற வழக்கம் கேட்போருக்கெல்லாம் தெரிந்திருந்தால்தான் அந்தப் பொய்க்கு உயிர் இருக்கும்.

அடித்த மானைத் தேடிக் கண்டுபிடிப்பது வேட்டைக்காரனின் கடமை என்று இன்று உலகின் பல நாடுகளில் சட்டமும் வேட்டைச் சங்க விதிகளும் சொல்கின்றன. காயம்பட்ட உயிரைக் காட்டில் வதைபட விடலாகாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் நல்லதுதான். ஆனால் பழைய சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்தக் கடமை இரக்கத்திலிருந்து பிறந்ததாகத் தெரியவில்லை. அடிபட்டு இன்னும் விழாத மான் யாருடையது என்ற வழக்கிலிருந்துதான் அது பிறந்திருக்கிறது. தேடிப் போவது உரிமையின் விலை. தேடுகிறவரை மான் அவனுடையது. தேடுவதை விட்டால் காட்டினுடையது, அல்லது கண்டெடுத்தவனுடையது, அல்லது அரசனுடையது. இரக்கம் பிற்பாடு வந்து, முன்பே கட்டி நின்ற வீட்டில் குடியேறியது. இதை நிறுவ முதலில் அந்தத் தேடல் எப்படிப்பட்ட வேலை என்று சற்றுப் பார்க்க வேண்டும். சட்டங்களின் வடிவம் பெரும்பாலும் அந்த வேலையின் வடிவத்திலிருந்தே வந்திருக்கிறது.

அம்பு பட்டாலும் குண்டு பட்டாலும் மான் நின்ற இடத்திலேயே விழுவது குறைவு. நெஞ்சறையில் அடிபட்ட மான்கூட, சில நொடிகளே உயிர் மிஞ்சியிருந்தாலும், அந்த நொடிகளில் நூறு மீட்டர் ஓடிவிடும். அடர்ந்த புதர்க்காட்டில் நூறு மீட்டர் பெரிய தூரம். ஆகவே அடித்தவனின் முதல் வேலை ஓடுவதல்ல, நிற்பது. மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் மரத்தை வைத்தோ பாறையை வைத்தோ நினைவில் பதிக்க வேண்டும். பிறகு அடிபட்ட இடத்தில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளிர்சிவப்பாக, நுரை கலந்த இரத்தம் என்றால் நுரையீரல். மான் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம். பச்சையோ பழுப்போ கலந்து, அரைத்த இலையின் வாடை அடித்தால் இரைப்பையோ குடலோ. உதிர்ந்த மயிரின் நிறமும் நீளமும் முதுகா, வயிறா, காலா என்று சொல்லும். எலும்புச் சில்லு கிடந்தால் கால் முறிந்திருக்கலாம். மூன்று காலில் மான் வெகுதூரம் போகும். இதிலெல்லாம் மிகவும் இடக்கானது வயிற்றடி. அந்த மானை உடனே துரத்தினால் பயத்தின் வேகத்தில் அது பல மைல் ஓடிவிடும், இரத்தமும் சிந்தாது. விட்டுவிட்டால் சற்றுத் தொலைவிலேயே படுத்துக்கொள்ளும். பல மணி நேரம் கழித்துப் போனால் படுத்த இடத்திலேயே கிடைக்கும். அதாவது, கைக்குக் கிடைக்க வேண்டுமானால் சில வேளை மானை விட்டு விலகி, இரவு கழிந்து வர வேண்டும். இந்த ஒரு நடைமுறை உண்மை உரிமைக்கு நேர் எதிராக நிற்கிறது. விலகிப் போனவன் உரிமையை விட்டவன் ஆகிறானா? இரவில் வேறொருவன் அதே மானைக் கண்டெடுத்தால்? பழைய சட்டங்கள் மல்லுக்கட்டியது இந்த இடத்தில்தான்.

இந்தியச் சான்றுகளில் தெளிவானது மனுஸ்மிருதி. அதன் ஒன்பதாம் அத்தியாயத்தில் மகன் யாருக்கு உரியவன் என்ற நீண்ட விவாதம் வருகிறது. அதற்கு நடுவே, காட்டை வெட்டித் திருத்தியவனுக்கு நிலம் உரியது போல, முதலில் அம்பு பாய்ச்சியவனுக்கு மான் உரியது என்று ஓர் எடுத்துக்காட்டு. அதற்கு முந்தைய சுலோகம், ஏற்கெனவே ஒருவன் அடித்த மானின் மீது இன்னொருவன் விடும் அம்பு வீண் என்கிறது. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: இது வேட்டைச் சட்டமே அல்ல, உவமை, உவமையை வைத்து வழக்கத்தை நிறுவலாமா? நிறுவலாம் என்பதே என் எண்ணம். இன்னும் சொன்னால், விதியைவிட உவமை நல்ல சாட்சி. விதி என்பது நடக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டதாக மட்டும் இருக்கலாம். உவமையோ எதிராளியும் முன்பே ஒப்புக்கொண்டதை எடுத்துக்காட்டினால்தான் வாதத்துக்கு உதவும். மகன் யாருக்கு என்பதில் ஆயிரம் சண்டை இருந்தது. மான் யாருக்கு என்பதில் சண்டை இல்லை என்பதால்தான் அதைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். குறிஞ்சித் தலைவனின் பொய்க்கும் இதே தருக்கம் பொருந்தும். அதே நூலின் எட்டாம் அத்தியாயத்தில் இன்னொரு உவமை இருக்கிறது: சிந்திய இரத்தத் துளிகளைக் கொண்டு வேடன் மானின் தடத்தை அறிவது போல, அரசன் அனுமானத்தைக் கொண்டு தருமத்தின் தடத்தை அறிய வேண்டும். நீதி வழங்கும் முறைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் அளவுக்கு இரத்தத் தடம் பார்ப்பது மதிப்புள்ள அறிவாக எண்ணப்பட்டது என்பது, வேட்டையைக் கீழான தொழில் என்று பேசிய அதே மரபில் சற்று வியப்பாகவே இருக்கிறது.

மகாபாரதத்தில் இந்த வழக்கத்தின் இரு முனைகளையும் காட்டும் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று தமிழ்நாட்டில் தெருக்கூத்து பார்த்த எவருக்கும் தெரியும்: அர்ச்சுனன் தபசு. பன்றி வடிவில் வந்த மூகன் மேல் அர்ச்சுனனும் அம்பு விடுகிறான், வேடனாக வந்த சிவனும் விடுகிறார். பன்றி விழுந்ததும் சண்டை தொடங்குகிறது. யார் அம்பு முதலில், யாருக்குப் பன்றி? பாசுபதம் கிடைக்கும் கதைக்கு இந்தச் சண்டை வெறும் வாயில்தான், ஆனால் தெய்வமும் மனிதனும் மோதிக்கொள்ள நம்பத்தகுந்த காரணமாகக் கதை சொன்னவர்கள் தேர்ந்தெடுத்தது முதல் அம்பின் உரிமை வழக்கு. மற்றது பரீட்சித்து மன்னனின் கதை. அவன் அடித்த மான் தப்பி ஓடிவிடுகிறது. அவன் அம்பு பட்டு எந்த மானும் அதுவரை உயிரோடு தப்பியதில்லை. பசியும் களைப்புமாகத் தேடி வந்தவன் காட்டில் அமர்ந்திருந்த சமீக முனிவரிடம், நான் அடித்த மானைப் பார்த்தீரா என்று கேட்கிறான். மௌன விரதத்தில் இருந்த முனிவர் பதில் சொல்லவில்லை. கோபத்தில் அரசன் செத்த பாம்பை வில் நுனியால் எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டுப் போகிறான். அதிலிருந்து சாபம், தட்சகன், மரணம். பாகவதத்தில் அவன் தாகத்தோடு தண்ணீர் கேட்டதாகக் கதை மாறுகிறது. பழைய வடிவம் எனக்கு இன்னும் பொருள் செறிந்ததாகத் தெரிகிறது. மானைத் தேடுபவனுக்குப் பதில் சொல்வது கண்டவரின் கடமை என்ற எண்ணம் இல்லாவிட்டால், ஒரு மௌனம் அரசனை அந்த அளவுக்குச் சுட்டிருக்காது. குறிஞ்சிப்பாட்டுப் பெண்களின் மௌனமும் சமீகரின் மௌனமும் ஒரே வழக்கத்தின் மேல்தான் விழுகின்றன. ஒன்று காதலில் முடிகிறது, மற்றது கொலையில்.

மேற்கே போனால் எழுத்தில் உள்ள சட்டமே கிடைக்கிறது. இத்தாலியில் குடியேறிய லொம்பார்டுகளின் அரசன் ரோத்தாரி 643-ல் தன் மக்களின் வழக்குகளை 388 பிரிவுகளாகத் தொகுத்தான். அதில் அடிபட்ட விலங்கைப் பற்றிய பிரிவுகள் ஆச்சரியப்படும்படி நுணுக்கமானவை. ஒருவன் அடித்த விலங்கு இறந்தோ நாய்களிடம் சிக்கியோ கிடப்பதைக் கண்ட இன்னொருவன், அதை மறைக்காமல் வந்து சொன்னால், வலது முன்கால் பகுதியும் ஏழு விலா எலும்பும் அவன் பங்கு. மறைத்தால் தண்டம். அடித்தவன் தேடலை நிறுத்தித் திரும்பிவிட்டாலும், திரும்பிய நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை, அதாவது 24 மணி நேரம், விலங்கு அவனுடையதே. அதற்குப் பிறகு கண்டெடுத்தவன் எடுத்துக்கொள்ளலாம். ஏன் 24 மணி நேரம்? சட்டம் காரணம் சொல்லவில்லை. வயிற்றில் அடிபட்ட மானைப் பற்றி மேலே சொன்னதை நினைத்தால் காரணம் தானே தெரிகிறது என்று ஊகிக்கிறேன். மாலையில் அடித்தவன் தடத்தை விட்டு விலகி, இரவைக் கழித்து, விடிந்ததும் வந்து தேட இந்தக் கெடு சரியாகப் போதும். தொழில் தெரிந்தவர்களின் வாயிலிருந்து எழுதிய சட்டம் அது. இதற்கு நூறாண்டுக்கும் மேல் முந்திய பிராங்கியரின் சாலிக் சட்டமும், பிறர் நாய்கள் துரத்திக் களைக்க வைத்த கலைமானைத் திருடினாலோ ஒளித்தாலோ 15 சாலிடஸ் பொற்காசு தண்டம் என்கிறது. அங்கே அம்புகூடப் பட வேண்டியதில்லை. நாய்கள் பட்ட பாடே உரிமையாகிவிடுகிறது.

இதற்கு எதிரான வலுவான சாட்சி ரோமச் சட்டம். அடிபட்டுப் பிடிக்கத்தக்க நிலையில் உள்ள விலங்கு உடனே அடித்தவனுடையதா என்று ரோமானிய அறிஞர்கள் விவாதித்தார்கள். சிசரோவின் நண்பரான திரெபாத்தியுஸ், ஆம், துரத்துகிறவரை அது அவனுடையது, துரத்துவதை விட்டால் உரிமை போய்விடும், இடையில் எடுத்துக்கொள்பவன் திருடன் என்றார். பெரும்பாலோர் ஒப்பவில்லை. பிடிக்காமல் போகும்படி எத்தனையோ நடக்கலாம். ஆகவே கையில் பிடித்தால்தான் உரிமை என்பது அவர்கள் முடிவு. 533-ல் ஜஸ்டீனியன் வெளியிட்ட சட்டப் பாடநூலும் இதையே உறுதி செய்தது. 1805-ல் நியூயார்க் நீதிமன்றம், ஒரு நரியைத் துரத்திக்கொண்டிருந்தவனுக்கும் குறுக்கே வந்து கொன்றவனுக்கும் நடந்த வழக்கில் இந்த ரோமானிய வாதங்களையெல்லாம் எடுத்துவைத்துத் துரத்தல் மட்டும் உரிமையாகாது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்கச் சட்ட மாணவர்கள் சொத்துரிமைப் பாடத்தை இன்றும் அந்த நரியோடுதான் தொடங்குகிறார்கள். இது என் வாதத்தைக் கவிழ்க்கிறதா? முடிவு வேறு, கேள்வி ஒன்றே. திரெபாத்தியுஸும் அவரை மறுத்தவர்களும் பேசியது உரிமையைப் பற்றி. விலங்கின் வலியைப் பற்றி இரு தரப்பிலும் ஒரு சொல் இல்லை. மறுத்தவர்கள் வழியில் போனாலும் தேடலின் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை, ஏனென்றால் கண்டுபிடித்துக் கையில் எடுக்காதவனுக்கு அங்கே எதுவுமே இல்லை.

ஆனால் உரிமையே அடித்தளம் என்பதற்கு மிகத் தெளிவான சாட்சியை இங்கிலாந்து தருகிறது, அதுவும் தலைகீழாக. நார்மன் அரசர்கள் வந்தபின் அரச வனங்களில் மான் முழுக்க அரசனுடையது. அங்கே அடிபட்ட மானைத் தேடும் உரிமை எந்தக் குடியானவனுக்கும் கிடையாது. வனச் சட்டத்தைத் தொகுத்து 1598-ல் நூல் வெளியிட்ட ஜான் மான்வுட், ஒருவன் மானைத் திருட்டு வேட்டையாடினான் என்று கொள்ளத்தக்க நான்கு நிலைகளைச் சொல்கிறார். வில்லை வளைத்தோ நாயைப் பிடித்தோ பதுங்கி நிற்பது, மானை முதுகில் சுமப்பது, கையில் இரத்தக் கறையோடு இருப்பது ஆகியவை மூன்று. நான்காவது, அடிபட்ட மானின் தடத்தை மோப்ப நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பின்தொடர்வது. ரோத்தாரியின் நாட்டில் எந்தச் செயல் ஒருவனின் உரிமைக்குச் சான்றாக இருந்ததோ, அதே செயல் இங்கே குற்றத்துக்குச் சான்று. இரக்கம்தான் அந்தச் செயலின் பொருள் என்றால் இது விளங்காது. உரிமைக் கோரிக்கை என்றால் உடனே விளங்கும். மான் எனக்குரியது என்று அறிவிப்பதற்குச் சமமானது அதன் தடத்தில் நாயோடு நடப்பது. அரசனுக்கு உரியதை அப்படி அறிவிப்பவன் திருடன். வனத்தில் மான் செத்தோ காயத்தோடோ கிடந்தால் பக்கத்து நான்கு ஊர்க்காரர்களைக் கூட்டி, மனிதப் பிணத்துக்குச் செய்வது போல விசாரணை நடத்தினார்கள். இறைச்சி தொழுநோயாளர் இல்லத்துக்கோ ஏழைகளுக்கோ போகும், அம்பு வன அதிகாரியிடம் சாட்சிப் பொருளாகத் தங்கும். கண்டெடுத்துச் சொன்னவனுக்கு லொம்பார்டுகள் தந்த ஏழு விலா எலும்பு இங்கே இல்லை.

இப்படியானால் இரக்கம் எங்கே, எப்போது உள்ளே வந்தது? ஜெர்மானிய நாடுகளின் வரலாற்றில் அதைப் பின்தொடர முடிகிறது, அதற்கு நடுவே நிற்பது ஒரு நாய். இடைக்காலத்தில் அங்கே கயிற்றில் பிடித்த மோப்ப நாயின் வேலை வேட்டைக்கு முன்பானது. காலையில், அடிபடாத, நலமாக உள்ள பெரிய கலைமான் எந்தப் புதரில் படுத்திருக்கிறது என்று, பல மணி நேரம் பழசாகிப்போன குளிர்ந்த தடத்தை மோந்து கண்டுபிடித்துக் கொடுக்கும். பிறகு கூட்ட நாய்கள் துரத்தும். துப்பாக்கி பரவப் பரவத் துரத்தல் வேட்டை குறைந்தது, தொலைவிலிருந்து சுடுவது கூடியது. தொலைவிலிருந்து சுட்டால் காயத்தோடு தப்புவதும் கூடும். வேலை இழந்த நாய்க்கு இங்கே புது வேலை கிடைத்தது: சுட்டபின் தேடுவது. ஹனோவர் அரசவையின் வேட்டைத் துறை இந்த வேலைக்கென்றே நாய்களை வளர்த்துப் பயிற்றுவித்தது. 1866-ல் பிரஷ்யா ஹனோவரை இணைத்துக்கொண்டபின்னும் மரபு மறையவில்லை. 1894-ல் ஹிர்ஷ்மன் என்ற பெயரில் அந்த நாயினத்துக்கான சங்கம் தோன்றியது, 1912-ல் மியூனிக்கில் பவேரிய மலை நாய்க்கும் ஒரு சங்கம். இந்த நாய்கள் இரத்தத்தை மட்டும் மோப்பதில்லை. மானின் குளம்புகளுக்கிடையே உள்ள சுரப்பியின் மணம், மிதிபட்ட மண்ணும் இலையும் விடும் மணம் எல்லாம் சேர்ந்ததுதான் அவற்றுக்குத் தடம். இரத்தமே சிந்தாத தடத்தையும் மறுநாள் பின்பற்றும் திறன் அதனால் வருகிறது. பயிற்சிக்காக மான் குளம்பு பொருத்திய செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் நாயை அந்தத் தடத்தில் இறக்குவார்கள்.

நாய் தயாரான அதே காலத்தில் நிலம் துண்டாகிக்கொண்டிருந்தது. 1848 புரட்சிக்குப் பின் பிரபுக்கள் பிறர் நிலத்தில் வேட்டையாடும் உரிமை ஒழிந்தது. வேட்டை உரிமை நிலத்தோடு சேர்ந்தது. பிரபுவின் பரந்த காட்டில் அடிபட்ட மான் எவ்வளவு ஓடினாலும் அவன் காட்டுக்குள்தான் ஓடியது. இப்போது அது வேலியைத் தாண்டினால் வேறொருவர் எல்லை. இன்றைய ஜெர்மன் சட்டப்படி ஒருவர் தன் நிலத்தைத் தனி வேட்டைப் பகுதியாக வைத்துக்கொள்ளக் குறைந்தது 75 ஹெக்டேர் வேண்டும். சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. காயம்பட்ட கலைமானுக்கு அது சில நிமிட ஓட்டம். ஆகவே லொம்பார்டுகள் பட்ட தொல்லை முழுவதும் திரும்பி வந்தது. 1976-ல் கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவில் இரண்டு காலத்தின் குரலும் அடுத்தடுத்து ஒலிக்கிறது. முதல் பகுதி, கடுமையாக அடிபட்ட விலங்கைத் தவிர்க்கக்கூடிய வலியிலிருந்து காக்க உடனே கொல்ல வேண்டும் என்கிறது. இது இரக்கத்தின் மொழி. இரண்டாம் பகுதியோ, அடிபட்ட விலங்கு அடுத்தவர் பகுதிக்குள் போய்விட்டால், அந்த அடுத்தவரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான் தொடரலாம் என்கிறது. வலியைப் பொறுக்கக் கூடாது என்று சொன்ன அதே பிரிவு, எல்லைக்கல்லைக் கண்டதும் வலியைக் காத்திருக்கச் சொல்கிறது. சில மாநிலங்கள் இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்திருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற தேடல் நாய்க்காரர் மட்டும் அனுமதிக்காகக் காத்திராமல் எல்லை கடக்கலாம். ஆனால் கிடைத்த மானின் இறைச்சியும் கொம்பும் யாருக்கு என்பது அங்கே தனியாகத் தீர்க்கப்பட வேண்டிய கணக்கு. இரக்கம் உரிமையை வென்றது என்று இதைச் சொல்ல மாட்டேன். உரிமை சில அடி ஒதுங்கி, தேர்வில் தேறிய ஒருவருக்கு வழி விட்டிருக்கிறது, அவ்வளவே.

அமெரிக்காவில் இதன் இன்னொரு முகம் தெரிகிறது. பல மாநிலங்களில் மான் வேட்டையில் நாயைப் பயன்படுத்துவதே சட்டவிரோதமாக இருந்தது. அந்தத் தடை நாய்களை விட்டு மானைத் துரத்திக் கொல்வதைத் தடுக்க வந்தது. ஆனால் சுட்டபின் கயிற்றில் பிடித்த நாயோடு தேடுவதும் அதில் சிக்கியது. அதைச் சட்டபூர்வமாக்க நியூயார்க்கில் 1970-களில் தொடங்கிய முயற்சி, ஆய்வுக்கான தற்காலிக அனுமதி என்ற வாயில் வழியாகத்தான் உள்ளே வர முடிந்தது. அஞ்சியவர்களின் வாதம் மான்வுட் காலத்து வாதமேதான்: நாயும் துப்பாக்கியுமாகத் தடத்தில் நடப்பவன் தேடுகிறானா, திருடுகிறானா என்று எப்படித் தெரியும்? அந்த அச்சத்தை அற்பம் என்று ஒதுக்க முடியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இவ்வளவும் அரசும் நிலவுடைமையும் உள்ள சமூகங்களின் கதை, அவை எதிலும் சொத்தைத்தான் பார்க்கும்; வேட்டையே வாழ்வாக உள்ளவர்களிடம் போனால் தேடல் வேறு பொருள் கொள்ளும் அல்லவா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. கலஹாரிப் பாலைவனத்துச் சான் மக்களைப் பற்றிய பதிவுகள் இதற்கு எதிர்பாராத பதிலைத் தருகின்றன. ஒரு வண்டினத்தின் புழுவிலிருந்து எடுத்த நஞ்சைப் பூசிய சிறு அம்புகள் அவர்களுடையவை. நஞ்சு மெல்ல ஏறும். பெரிய விலங்கு விழ ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஆகவே அங்கே வேட்டை என்பதில் எய்வது சிறு பகுதி, தேடுவதே பெரும் பகுதி. தடத்தைப் பார்த்து விலங்கு எப்போது நின்றது, எப்போது தளர்ந்தது என்று கட்டியெழுப்பும் இந்த ஊகத்திலேயே அறிவியல் சிந்தனையின் வேர் இருக்கிறது என்று லூயி லீபன்பர்க் 1990-ல் வாதிட்டார். மனுவின் அனுமான உவமையை அவர் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். உரிமை? இறைச்சியைப் பங்கிடும் பொறுப்பு விலங்கைக் கொன்ற அம்பு யாருடையதோ அவருக்கு. எய்தவர் வேறு, அம்புக்காரர் வேறாக இருக்கலாம். அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவது அங்கே வழக்கம், அதனால் பங்கிடும் பெருமை திறமையான ஒருவனிடமே குவிவதில்லை. மானிடவியலாளர்களான லோர்னா மார்ஷலும் ரிச்சர்ட் லீயும் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். சொத்து இல்லாத சமூகம் என்று நாம் எண்ணும் இடத்திலும் தடத்தின் முடிவில் காத்திருப்பது அம்பு யாருடையது என்ற கேள்விதான். மனுவும் வேடனாக வந்த சிவனும் பேசிய அதே கேள்வி, விடை மட்டும் குவிப்பதற்குப் பதில் பரப்புவதற்குப் பயன்படுகிறது.

வலிக்கு இரங்கும் மனம் பழங்காலத்தில் இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் வேட்டை நாய்களைப் பற்றி எழுதிய அர்ரியன், முயல் தப்பியோடினால் நல்ல வேட்டைக்காரன் மகிழ்வான் என்றார். அடிபட்டுக் கிடக்கும் விலங்கைப் பார்த்துக் கலங்காத வேட்டைச் சமூகம் இருந்திருக்குமா என்பதே ஐயம். மனதில் எழும் இரக்கம் வேறு, எழுத்தில் ஏறி அடுத்தவரையும் கட்டுப்படுத்தும் விதி வேறு. தேடு என்று சொன்ன விதிகள் வெகுகாலம் மானின் பக்கமிருந்து பேசவில்லை.

பிரிட்டிஷ் இந்தியாவில் துரைமார்களின் வேட்டை முகாம்களிலும் முதல் இரத்தம் யார் எடுத்தாரோ அவருக்கே விலங்கு என்பது எழுதாத விதி. ஈட்டியால் பன்றி குத்தும் விளையாட்டில் முதல் ஈட்டிக்கே பரிசு. மனுவின் அம்பு தோட்டாவாகி வந்தது போலத்தான். நீலகிரியில் 1879-லேயே வேட்டைப் பாதுகாப்புச் சட்டம் வந்து, கடமானையும் வரையாட்டையும் எப்போது சுடலாம், உரிமம் யாருக்கு என்று வரையறுத்தது. தடம் பார்த்தவர்கள் பெரும்பாலும் அந்தக் காட்டின் பழங்குடியினர். சுட்டவர் பெயரில் கொம்பு சுவரேறியது. இரண்டு மைல் இரத்தம் பார்த்து அதைக் கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது கூலி. உரிமையும் தேடலும் இரண்டு ஆட்களாகப் பிரிந்தது அங்கேதான், அதுவரை ஒன்று மற்றதன் விலையாக இருந்தது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கணக்கை வேறு பக்கமாக முடித்தது. சட்டத்தை மீறி வேட்டையாடப்பட்ட விலங்கும், இறந்து கிடந்த விலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்ட விலங்கும் 39-ஆம் பிரிவின்படி அரசின் சொத்து. அது கைக்கு வந்தவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதிகாரியிடமோ சொல்ல வேண்டும். கெடு இருக்கிறது, சொல்லும் கடமை இருக்கிறது, பங்கு மட்டும் இல்லை. ரோத்தாரியைவிட இங்கிலாந்து அரசனுக்கு நெருக்கமான சட்டம். இருளர், குறும்பர், காடர், மலசர் ஆகியோரிடையே தடம் பார்க்கத் தெரிந்தவர்களில் சிலர் இன்று முதுமலையிலும் ஆனைமலையிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக வேலை பார்க்கிறார்கள். புதரில் இரத்தம் கண்டால் அவர்களும் அதைத் தொடர்ந்து போகத்தான் செய்கிறார்கள்: ஒரு முனையில் மான் கிடக்கும், மறுமுனையில் செருப்புத் தடம் கிடைக்கும், எழுத வேண்டிய அறிக்கை இரண்டைப் பற்றியும்.